பள்ளத்துக்கு யாருங்க தண்டோரா போடறது?

ஆடி மாசம் பொறந்தாச்சுன்னா எங்க வீட்டு டிவியில ரெண்டு கணக்குதான் ஓடும். தங்கம் பவுனு என்ன விலை. மேட்டூர்ல எத்தனை அடி, எத்தனாயிரம் கன அடி. கோயமுத்தூர்ல குடியிருக்கிறவனுக்கு மேட்டூர் எதுக்குன்னு கேக்கப்படாது. அமுச்சி ஊரு கொடுமுடிப் பக்கம், காவிரிக்கரை. அந்த வழியில வந்த பழக்கம். காவிரியில தண்ணி ஏறுதுன்னா அம்மா ரிமோட்டை யாருக்கும் குடுக்க மாட்டாங்க.

இந்தக் கன அடிங்கறது நம்மில் பல பேருக்கு வெறும் நம்பர். ஒரு கன அடின்னா சுமார் 28.3 லிட்டர். ரெண்டு லட்சம் கன அடின்னா வினாடிக்கு 56 லட்சம் லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் புடிக்கிற தண்ணி லாரி இருக்குதுங்களா, அதுல 470 லாரி ஒவ்வொரு வினாடியும் உங்க வாசலைத் தாண்டிப் போகுதுன்னு வெச்சுக்குங்க. பயமா இருக்குதுல்ல? நியாயமான பயம்தான்.

ஆனா 2011 நவம்பர்ல திருப்பூர்ல ராத்திரி நேரத்துல ஆளுகளையும் வீடுகளையும் அடிச்சுட்டுப் போனது காவிரி இல்லீங்க. ஊருக்குள்ள ஓடற பள்ளம். வருசத்துல முக்கால்வாசி நாள் சாக்கடையா கெடக்கிற, பசங்க தாண்டிக் குதிச்சு வெளையாடற பள்ளம். மேட்டூரை இத்தனை கவனமாப் பார்க்கிற நாம, நாலு தெரு தள்ளி ஓடற பள்ளத்தை எட்டிப் பார்த்து எத்தனை வருசம் ஆச்சு? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளா அரிச்சுக்கிட்டிருக்குது. அதுக்காகக் கொஞ்சம் பழங்கதையைக் கிளறிப் பார்த்தேன்.

1924ல இருந்து ஆரம்பிக்கோணும். அந்த வருசம் ஜூலையில தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையில கொட்டித் தீர்த்தது. மலையாளத்துக்காரங்க அதை இன்னிக்கும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'ம்பாங்க. அவங்க கொல்லம் ஆண்டுக் கணக்குல அது 1099. மூணாறு அழிஞ்சதும் அதே மழையிலதான். அந்தப் பக்கம் அப்படின்னா, மலைக்கு இந்தப் பக்கம் குடகு, வயநாட்டுத் தண்ணியெல்லாம் காவிரியில எறங்குச்சு. இன்னிக்கு மேட்டூர் அணை இருக்கிற இடத்துல வினாடிக்கு 4,56,000 கன அடி போனதா கணக்கு. அப்போ மேட்டூர்ல அணையே இல்லை. மைசூர்ல கிருஷ்ணராஜ சாகர் பாதி கட்டியும் கட்டாமலும் நின்னுக்கிட்டிருந்தது. தடுக்க ஆள் இல்லாம பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூருன்னு கரை நெடுக அடிச்சுட்டுப் போச்சு.

அமுச்சி அந்த வெள்ளத்துக்கு அப்புறம் பொறந்தவங்க. கண்ணால பார்த்ததில்லை. ஆனா அவங்க மாமியார் பார்த்தவங்க. மாமியார்கிட்ட இருந்து அமுச்சிக்கு வந்தது கதையை விட, பழக்கம்தான் ஜாஸ்தி. ஆடி பொறந்தா வெதை மூட்டையும் அரிசியும் அட்டாலிக்கு ஏறிடும். ராத்திரி மாட்டைக் கட்டறப்ப முடிச்சுப் போட மாட்டாங்க, உருவாஞ்சுருக்குதான். ஒரு இழுப்பு இழுத்தா அவுந்துக்கும். மாடு நீந்திப் பொழைச்சுக்கும். ஆத்துப் படியில எத்தனை படி முழுகியிருக்குதுன்னு பொழுதுக்கும் ஒரு ஆள் பார்த்துட்டு வரோணும். கரைப் பிள்ளையாருக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி வந்துட்டா மேட்டுக்குப் போயிடோணும், யாரையும் கேக்க வேண்டியதில்லை. சின்னப் புள்ளையில லீவுக்குப் போறப்ப எனக்கு இதெல்லாம் வேடிக்கை. "எதுக்குங்க அமுச்சி மாட்டுக்கு இப்படிக் கட்டறீங்க?"ன்னு கேட்டா, "ராத்திரியில ஆத்தா வந்தா முடிச்சை அவுக்க நேரம் குடுப்பாளா கண்ணு?"ம்பாங்க. ஆத்தான்னா காவேரி.

அடுத்த வருசமே, 1925ல, மேட்டூர் அணை வேலை ஆரம்பிச்சுது. 1934ல முடிஞ்சுது. 1924 வெள்ளத்தைக் கணக்குல வெச்சுத்தான் உபரித்தண்ணி போற வழியை வகுத்தாங்க. மேட்டூர் போனவங்க பார்த்திருப்பீங்க, அணையை விட்டுக் கொஞ்சம் தள்ளி தனியா பதினாறு கண் மதகு இருக்கும். எல்லிஸ் உபரிநீர்ப் போக்கின்னு பேரு, எல்லிஸ்ங்கற என்ஜினியர் பேர்ல. அதாவது அமுச்சியோட மாமியார் பார்த்த வெள்ளம், அட்டாலியிலயும் மாட்டுக் கயித்துலயும் மட்டும் இல்லாம, கல்லுலயும் இரும்புலயும் எழுதி வெச்சிருக்குது. எனக்குப் புடிச்ச சமாச்சாரம் இது. ஒரு ஊரு ஒரு வெள்ளத்தை நெனப்பு வெச்சுக்கறதுக்கு இதை விடப் பெரிய வழி இருக்குதுங்களா?

ஆனா அணை வந்ததும் இன்னொண்ணும் வந்துச்சு. தைரியம். எங்க மாமன் ஆத்துக்குப் பக்கத்துல, அமுச்சி மாடு கட்டவே யோசிக்கிற எடத்துல, தார்சு வீடு கட்டினார். கேட்டா ஒரே பதில்: "அதான் மேட்டூர் இருக்குதுல்ல." மாமன் மட்டுமில்லைங்க, உலகம் பூராவும் இதே கதைதான். அமெரிக்காவுல கில்பர்ட் வைட்னு ஒரு புவியியல்காரர் 1945லயே இதை எழுதி வெச்சுட்டார். கரை கட்டறோம், அணை கட்டறோம். அதை நம்பி சனங்க ஆத்துக்குக் கிட்டக் கிட்டக் குடி போறாங்க. அப்புறம் கரையை மீறி ஒரு வெள்ளம் வர்றப்ப சேதம் முன்னை விட ஜாஸ்தியாகுது. காசைக் கொட்டியும் நட்டம் குறையலியேன்னு மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டவர் அவர்.

இங்க ஒரு விசயம் பலருக்குத் தெரியறதில்லை. பாசன அணையும் வெள்ளம் தடுக்கிற அணையும் ஒண்ணு இல்லை. வெள்ளம் தடுக்கோணும்னா அணை காலியா இருக்கோணும். பாசனம் பண்ணோணும்னா ரொம்பி இருக்கோணும். மேட்டூர் 120 அடியைத் தொட்டா டெல்டாக்காரர் பூத்தூவிக் கும்புடுவார், அதுல தப்பில்லை. ஆனா அன்னிக்குத்தான் அணை வெள்ளத்தைத் தடுக்கற சக்தியை இழக்குது. அதுக்கு மேல வர்ற தண்ணி அப்படியே வெளியதான் போகோணும். 1961ல சுமார் மூணு லட்சம் கன அடி போச்சு. 2005லயும், 2018 ஆகஸ்டுலயும், 2022 ஆகஸ்டுலயும் ரெண்டு லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் போச்சு.

இந்த ரெண்டு லட்சம்தான் இப்போ கரைக்காரங்க மனசுல இருக்கிற கோடு. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு கருங்கல்பாளையத்துல கரையோர வீடுகளுக்குள்ள தண்ணி பூந்ததெல்லாம் இந்த அளவுலதான். அவங்க தயார் ஆகற விதத்தைப் பார்த்தா அசந்து போவீங்க. ஆட்டோவுல மைக் கட்டி சொல்லிட்டுப் போனதும் டிவி, மிக்சி, ரேசன் கார்டு மேல ஏறிடும். பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போயிடுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து சேறு கழுவிட்டு தறியை ஓட்டுவாங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துல கால் வைக்கக்கூடாதுன்னு கூடுதுறையில போலீஸ் நின்னா மொணகுவாங்க, ஆனா கேப்பாங்க. 2022லயும் 2024லயும் அப்படித்தான் ஆச்சு.

வைட்டோட மாணவர் ராபர்ட் கேட்ஸ்னு ஒருத்தர். டென்னசி மாநிலத்துல ஒரு சின்ன ஊருக்குப் போய் வெள்ளக் கரையில குடியிருக்கிறவங்களையே நேர்ல கேட்டு 1962ல எழுதினார். அவர் கண்டுபுடிச்சது என்னன்னா, மனுசன் தான் பார்த்த பெரிய வெள்ளம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பயப்படறான். அதுக்கு மேல ஒண்ணு வரும்னு அவன் கற்பனையில வராது. பார்க்கவே இல்லைன்னா பயமே இல்லை. இதை நம்ம காவிரிக்குப் பொருத்திப் பாருங்க. ரெண்டு லட்சத்துக்கு நாம ரெடி. 1924 அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. அதைப் பார்த்தவங்க யாரும் இப்போ இல்லை. மதகுக்கு மட்டும்தான் நெனப்பு இருக்குது.

சரி, காவிரியாவது வருசா வருசம் மூஞ்சியைக் காட்டுது. மூஞ்சியே காட்டாததுக்கு என்ன பண்றது?

இந்த இடத்துல 1977ஐ சொல்லியாகோணும். அந்த வருச நவம்பர்ல புயல் மழை. காவிரிக்கரை சனங்க வெள்ளம்னா மேட்டூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தே பழகினவங்க. வெள்ளம் பக்கவாட்டுல வந்துச்சு, அமராவதி வழியா. கரூர் முழுகுச்சு, திருச்சி வரைக்கும் நாசம். அதே மழையில வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரியில குடகனாறு அணை ஒடைஞ்சுது. குடகனாறு அமராவதியில வந்து சேர்ற ஆறு. அப்போதான் கட்டி முடிச்சிருந்த மண் அணை அது. அஞ்சு ஷட்டர். தண்ணி ஏறுனதும் ஆளுக தூக்கத்தான் பார்த்தாங்க. கரண்டு போச்சு. ஜெனரேட்டரைப் போட்டும் ஆகலை. கையால சுத்திப் பார்த்தாங்க, முழுசாத் தூக்க முடியலை. தண்ணி கரை மேல ஏறி வழிஞ்சு, பின்பக்க மண்ணை அரிச்சு, அங்கங்க அணையை வெட்டிட்டுப் போச்சு. அந்த ராத்திரி கரண்டுக்கும் ஷட்டருக்கும் நடுவுல நின்ன ஆளுகளை நெனைச்சா எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையும்.

மாசத்தைக் கவனிச்சீங்களா? 1924 ஜூலை, ஆடி. 1977 நவம்பர், ஐப்பசி. 2011 நவம்பர், அதுவும் ஐப்பசி. ஆடித் தண்ணி குடகுல பேஞ்சு, கபினி ரொம்பி, பிலிகுண்டுலு தாண்டி, ஒகேனக்கல்ல விழுந்து, மேட்டூர்ல நின்னு, சொல்லிட்டு வர்ற தண்ணி. நாள் கணக்குல அவகாசம் உண்டு. ஐப்பசித் தண்ணி நம்ம தலை மேலயே பேயுது. கோயமுத்தூர், திருப்பூர் சமவெளிக்கு மழைன்னா அக்டோபர், நவம்பர்தான். அது பள்ளத்துல எறங்கி ஊருக்குள்ள வர்றதுக்கு மணிக்கணக்கு போதும். பள்ளத்துக்கு அணை கிடையாது, ஷட்டர் கிடையாது, கன அடிக் கணக்கு கிடையாது. டிவியில கீழ ஓடறதுக்கு ஒரு நம்பர்கூடக் கிடையாது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. உங்க ஊர்ல பள்ளம்னா குழி. எங்க ஊர்ல பள்ளம்னா ஓடை. சங்கனூர் பள்ளம், கீரிப்பள்ளம், பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம், சங்கிலிப்பள்ளம், ஜம்மனைப்பள்ளம்... மழை பேஞ்சா தண்ணி இந்த வழியாத்தான் போகும்னு பேர்லயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க பெரியவங்க. ஆனா பேரைப் படிக்கத் தெரியோணுமே.

திருப்பூர்ல அதுதான் நடந்துச்சுன்னு நெனைக்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்கு மதுரை, தேனி, திண்டுக்கல், இன்னும் தெக்கத்திச் சீமையில இருந்தெல்லாம் சனம் வந்துச்சு. கூலிக்குத் தகுந்த வாடகையில வீடு எங்க கெடைக்கும்? பள்ளத்தோரம்தான். அவங்களுக்கு சங்கிலிப்பள்ளம்ங்கறது ஒரு ஏரியா பேரு, அவ்வளவுதான். என் சேக்காளி ஒருத்தன் அப்படித்தான் ஒரு லைன் வீட்டுல இருந்தான். நான் ஒருக்கா போனப்ப, "ஏன்டா, மழைக்கு இங்க ஏறாதா?"ன்னேன். சிரிச்சான். "இதுல சாயத்தண்ணி தவிர என்ன ஓடிப் பார்த்திருக்கே மாப்ளே? இன்னிக்கு என்ன கலருன்னு வேணா கேளு"ன்னான். சிரிக்கிற விசயம்தான் :-) ஆனா யோசிச்சுப் பாருங்க, அவன் வாழ்க்கையில அந்தப் பள்ளத்தோட ஆபத்துன்னா நாத்தமும் கொசுவும் கலரும்தான். வெள்ளம்ங்கறது அந்தப் பட்டியல்லயே இல்லை.

நொய்யலுக்கே அந்தக் கதிதான். வெள்ளியங்கிரி மலையில பொறந்து, சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற ஊர்ல காவிரியைச் சேர்ற ஆறு. திருப்பூருக்குக் கீழ ஒரத்துப்பாளையத்துல 1990கள் தொடக்கத்துல பாசனத்துக்குன்னு அணை கட்டினாங்க, சாயக்கழிவுதான் சேர்ந்துச்சு. கீழ இருக்கிற விவசாயி அணையைத் திறந்துடாதீங்கன்னு கும்புட்ட கொடுமையெல்லாம் நடந்துச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுது. அந்த வருசம் பூரா நொய்யலைப் பத்தி ஊரே பேசுச்சு. எல்லாப் பேச்சும் சாயத்தைப் பத்தி. அதே வருசம் நவம்பர் முதல் வாரத்துல பேஞ்சுது மழை. ஜம்மனையும் சங்கிலிப்பள்ளமும் பெருகி, நொய்யலும் பெருகி, கரையோர வீடுகள் ராத்திரியோட ராத்திரியா போச்சு. பலர் செத்துப்போனாங்க. சேக்காளி அன்னிக்கு நைட் ஷிப்டுல இருந்தான். சாமான் போச்சு, ஆள் தப்பிச்சான். அவனுக்கு அன்னிக்கு மைக் வெச்சு சொன்னவங்க யாரும் இல்லை. சொல்ல நேரமும் இருந்திருக்காது.

கோயமுத்தூர் மட்டும் வித்தியாசமா என்ன? மழை மறைவு ஊரு. வருசத்துக்கு 700 மில்லிமீட்டர் தேறினா பெரிசு. இங்க தண்ணின்னா 'இல்லை'ங்கற பேச்சுதான். சிறுவாணி வரலை, போர்ல வரலை, லாரி வரலை. 2002-03 வறட்சியில ஊரே பயந்துதான், 2003ல சிறுதுளி ஆரம்பிச்சு, குளங்களைத் தூர் வாரப் படிச்சவங்க, பணக்காரங்க, பள்ளிக்கூடப் புள்ளைகன்னு பாண்டும் மம்முட்டியுமா எறங்குனாங்க. ரொம்ப நல்ல காரியம். ஆனா ஒண்ணு பாருங்க, அது வறட்சிக்குப் பயந்து செஞ்சது. வெள்ளத்துக்குப் பயந்து இந்த ஊரு ஒரு சட்டி மண்ணு அள்ளினதா எனக்கு நெனப்பு இல்லை.

ஆனா அந்தக் குளமெல்லாம் ரெண்டுக்கும்தானுங்களே! நொய்யல்ல இருபதுக்கும் மேல தடுப்பணை, அதுல இருந்து வாய்க்கால், வாய்க்கால் வழியா முப்பதுக்கும் மேல குளம். சித்திரைச்சாவடியில திருப்புற தண்ணி ஒரு குளம் ரொம்பி, வழிஞ்சு, அடுத்த குளத்துக்குப் போகும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்... பயிருக்குத் தண்ணி சேர்க்கிற அதே ஏற்பாடு, பெருகி வர்ற தண்ணியைப் பங்கு போட்டு வேகத்தையும் குறைச்சுடும். பழைய ஆளுக இதை வெள்ளத் தடுப்புன்னு பேர் வெச்சுச் சொல்லலை. பேர் இல்லாததால நாமளும் அந்த வேலையை மறந்துட்டோம். அம்மன்குளத்தை மூடி அடுக்குமாடி கட்டினாங்க. 2010ல அந்தக் கட்டடம் மண்ணுல எறங்கிச் சாய்ஞ்சுது. சங்கனூர் பள்ளத்தை அகலப்படுத்துற வேலை நடந்தப்போ, 2025 ஜனவரியில, கரையில இருந்த ஒரு வீடு சரிஞ்சு விழுந்துச்சு. அந்தப் பள்ளத்துக்கு எத்தனை எடம் வேணும்னு நாம மறந்து போனதைத்தான் அந்த வீடு காட்டிக் குடுத்துச்சு.

கொஞ்ச வருசம் முன்னால நானும் ஒரு சைட் பார்க்கப் போனேன், ஊருக்குக் கிழக்கால. புரோக்கர் சொன்ன முதல் சிறப்பே, "தண்ணி வசதி சூப்பருங்க சார், இருபது அடியில ஊத்து"தான். ஆயிரம் அடி போர் போட்டுப் புகையைப் பார்த்த ஊருக்காரனுக்கு இதைக் கேட்டா வாயில எச்சில் ஊறாதுங்களா? அட்வான்சுக்குப் பையில கையை விட்டுட்டேன். பக்கத்துத் தோட்டத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் வேலியோரமா வந்து நின்னு, "என்னங்க தம்பி, பள்ளத்துல ஊடு கட்டறீங்களா?"ன்னார். "பள்ளம் எங்கீங்க?"ன்னேன். "நிக்கறீங்களே, அதானுங்க. எங்கப்பன் காலத்துல ஒருக்கா வந்துச்சு. அந்த வேப்பமரத்துல தண்ணி நின்ன கோட்டைக் காட்டுவாரு. மரத்தைத்தான் போன மாசம் வெட்டிட்டாங்க"ன்னார். புரோக்கர் மூஞ்சி போன போக்கைப் பார்க்கோணுமே. அப்புறம் வி.ஏ.ஓ. ஆபீசுல கிராம வரைபடத்தைப் பார்த்தேன். நீர்வழிப் புறம்போக்கு நெளிஞ்சு நெளிஞ்சு வந்து, அந்த சைட்டுக்குப் பத்தடி முன்னால காணாமப் போய், தாண்டி மறுபடி ஆரம்பிக்குது. தண்ணிக்கு நடுவுல தாண்டிக் குதிக்கத் தெரியும்னு நெனைச்சிருப்பாங்க போல.

அதுல இருந்து எனக்கு ஒரு கிறுக்கு. எங்க போனாலும் வயசானவங்ககிட்ட "இங்க தண்ணி எது வரைக்கும் வந்துச்சுங்க?"ன்னு கேக்கறது. காவிரிக்கரையில கேட்டா ஒவ்வொருத்தரும் ஒரு படி, ஒரு செவுரு, ஒரு கோயில் தூணைக் காட்டறாங்க. பள்ளத்தோரம் கேட்டா பத்துல எட்டுப் பேர் என்னைத்தான் ஒரு மாதிரியாப் பார்க்கறாங்க. மிச்ச ரெண்டு பேர் காட்டறதைக் கிராம வரைபடத்துல பென்சில்ல குறிச்சு வெச்சுக்கறேன். இது வரைக்கும் சங்கனூர் பள்ளத்துல ஏழு கோடு, கௌசிகாவுல மூணு.

1977ல கரூர்ல இருந்தவங்க, இல்லை அப்பா அம்மா இருந்தாங்கன்னா, அமராவதித் தண்ணி உங்க தெருவுல எது வரைக்கும் நின்னுச்சுன்னு கேட்டு எழுதுங்க. குடகனாறு பத்தித் தனியா எழுதோணும், வேடசந்தூருக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேன்.